ஒளிக்குக் கை கொடுத்தவர்

அரசர்களின் வரலாற்றை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அவர்கள் வாழ்ந்த மாளிகைகளைக் கட்டிய கலைஞர் சிலரின் பெயர்களும் நமக்குத் தெரியும். ஆனால், அம்மாளிகைச் சுவர்களில் ஒளி வீசிய விளக்கைச் செய்தவர் யார், கதவின் கைப்பிடிக்குப் பூவேலை செய்தவர் யார் என்று கேட்பவர் அரியர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில், இத்தகைய சிறு பொருள்களைச் செய்தே பெரும்புகழ் எய்திய தொழிலாளி ஒருவர் இருந்தார். பியேர் குத்தியேர் என்பது அவர் பெயர். அவர் தொட்ட பொருளை அரசரும் அரசியும் ஏலத்தில் போட்டியிட்டு வாங்கினர். அவரோ முதுமையில் ஏழைகள் விடுதியில் இடம் கேட்கும் நிலைக்கு வந்து, வறுமையில் இறந்தார்.

நான் வேதியியல் மாணவன்; கலை வரலாற்றை முறையாகக் கற்றவன் அல்லன். பாதரசத்தின் இரசக்கலவைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இவர் பெயரைக் கண்டேன். தேடிப் படிக்கப் படிக்க, இரசக்கலவையைவிட அந்த மனிதரின் வாழ்வே என் மனத்தைக் கவர்ந்தது. நம் சங்க நண்பர்களும் அதனை அறியவேண்டும் என்னும் விருப்பத்தால் இதனை எழுதுகிறேன்.

இளமையும் தொழிலும்

பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் பார்-சுர்-ஓப் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1732-ஆம் ஆண்டு குத்தியேர் பிறந்தார். பிழைப்புத் தேடிப் பாரிசுக்குச் சென்று, அங்கே உலோகத்தின்மேல் தங்க முலாம் பூசும் தொழிலைக் கற்றார். 1758-இல், தம் இருபத்தாறாம் வயதில், அத்தொழிலில் ஆசான் என்னும் தகுதியைப் பெற்றார். அதே ஆண்டில், காலஞ்சென்ற தம் முதலாளியின் மனைவியை மணந்துகொண்டார். அக்காலத்தில் கைத்தொழிலாளரிடையே இது வழக்கந்தான். பட்டறையும் வாடிக்கையாளரும் சிதறாமல் இருக்க இத்தகைய மணங்கள் உதவின. சேன் ஆற்றங்கரையில், பெல்த்தியே துறையில், பொற்கொக்கி என்னும் அடையாளப் பலகை மாட்டிய அந்தப் பட்டறை குத்தியேரின் கைக்கு வந்தது.

தொடக்கத்தில் அவர் அரசவைப் பொற்கொல்லரான பிரான்சுவா-தொமா ஜெர்மேனுக்கு வேலை செய்து கொடுத்தார். ஜெர்மேன் புகழ் மிக்கவர். பல நாட்டு அரசர்களுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் செய்து அனுப்பியவர். ஆயினும் 1765-இல் கடன் தாங்காமல் நொடித்துப் போனார். அரச குடும்பத்தாரை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு எப்படிப்பட்ட முடிவு வரக்கூடும் என்பதை இளைஞரான குத்தியேர் அருகிலிருந்தே பார்த்தார். பார்த்தும் அதே வழியிலேதான் அவர் சென்றார். வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. அத்தகைய வேலையை விரும்பி வாங்குவோர் அரசரும் பிரபுக்களும் மட்டுமே.

1767-இல் அரசரின் விழாக்களையும் அரண்மனைப் பொழுதுபோக்குகளையும் கவனித்துவந்த துறைக்கு அவர் முலாம் பூசுபவராக நியமனம் பெற்றார். அத்துறையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஓமோன் கோமகன், கலைப் பொருள்களில் அளவிறந்த பற்று உடையவர். இருவருக்கும் ஏற்பட்ட அறிமுகம் குத்தியேரின் வாழ்வில் பெரிய திருப்பமாயிற்று.

ஒரு விளக்கு, பல கைகள்

குத்தியேரின் பெருமையை உணரவேண்டுமானால், சுவர் விளக்கு ஒன்று எப்படி உருவாயிற்று என்பதை நாம் தெரிந்துகொள்ளவேண்டும். பிரெஞ்சு மொழியில் இதனை ஒளியின் கை என்று அழைத்தார்கள். சுவரிலிருந்து ஒரு கை நீண்டு மெழுகுவத்தியை ஏந்தி நிற்பதுபோல் இருப்பதால் அப்பெயர். சுவரில் பொருந்தும் ஒரு பின்தகடு. அதிலிருந்து வளைந்து எழும் இரண்டு மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் உருகிய மெழுகு வடியாமல் தாங்கும் சிறு தட்டு. அதன்மேல் வத்தி செருகும் குழல். இவ்வளவுதான் அதன் உறுப்புகள். கணப்படுப்பின் மேலுள்ள பெரிய கண்ணாடியின் இருபுறத்திலும் இவற்றை இணையாக மாட்டுவார்கள். கண்ணாடியில் பட்டு ஒளி இருமடங்காகும்.

பதினைந்தாம் லூயியின் ஆட்சியில் நெடுங்காலம் இவ்விளக்குகள் கொடிபோல் சுருண்டு, ஒருபுறம் போல் மறுபுறம் இராமல் நெளிந்து வளர்ந்தன. 1760-க்குப் பின் சுவை மாறிற்று. பண்டைக் கிரேக்க, உரோம நாடுகளின் கலையைப் பின்பற்றி, நேர்கோடுகளும் குடங்களும் பூமாலைகளும் ஆட்டுக்கடாத் தலைகளும் அம்பறாத்தூணிகளும் விளக்கில் இடம்பெற்றன. இந்தப் புதிய பாணியில் குத்தியேருக்கு ஈடானவர் மிகச் சிலரே.

ஆனால் இவ்விளக்கை ஒருவரே செய்யவில்லை. கட்டடக் கலைஞர் ஒருவர் படம் வரைவார். சிற்பி அதனைப் பார்த்து மெழுகிலோ களிமண்ணிலோ மாதிரி செய்வார். வார்ப்பவர் அம்மாதிரியைக் கொண்டு வெண்கலத்தில் வார்ப்பார். வெண்கலம் என்று பெயரே தவிர, அதில் பெரும்பாலும் வெள்ளீயத்தைவிடத் துத்தநாகமே மிகுதி. பித்தளைக்கு நெருங்கிய கலவை என்றே சொல்லலாம். வார்ப்பிலிருந்து வெளிவரும் உருவம் கரடுமுரடாக, நுண்மை இழந்து இருக்கும். அதன்பின் சிற்றுளி வேலைக்காரர் ஒருவர் அமர்ந்து, இலையின் நரம்பையும் பூவின் இதழையும் ஆட்டுமயிரின் சுருளையும் ஒவ்வொன்றாகச் செதுக்கித் திருத்துவார். கடைசியில் முலாம் பூசுவோரின் கைக்குப் போகும்.

இத்தொழில்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கைவினைக் குழாம் இருந்தது. ஒரு குழாத்தார் மற்றொரு குழாத்தாரின் வேலையில் கை வைக்கலாகாது. வார்ப்போரையும் முலாம் பூசுவோரையும் ஒரே குழாமாக இணைத்தது 1776-இல்தான். அதுவரை, முலாம் பூசும் உரிமை மட்டும் பெற்றிருந்தவர் வார்ப்பு வேலையைப் பிறரிடம் கொடுத்தே வாங்கவேண்டியிருந்தது. ஆகவே குத்தியேரின் விளக்கு என்று நாம் சொல்லும்போது, ஐந்தாறு பேரின் உழைப்பை ஒருவர் பெயரால் சொல்கிறோம் என்பதை மறத்தலாகாது. குத்தியேரின் பங்கு கடைசி இரண்டு படிகளில் இருந்தது: செதுக்குவதும் முலாம் பூசுவதும். அந்த இரண்டினால்தான் உயிரற்ற வார்ப்பு இலையாகவும் மலராகவும் மாறிற்று.

பொன்னும் பாதரசமும்

விஞ்ஞானம் பயிலும் நண்பர்களுக்கு இப்பகுதி சுவையாக இருக்கும். தங்கத்தைச் சிறு துண்டுகளாக்கிச் சூடான பாதரசத்தில் இட்டால், அது கரைந்து வெண்ணெய் போன்ற இரசக்கலவையாகும். ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு பாதரசம் சேர்ப்பது பழைய வழக்கம். வெண்கலத்தை நன்கு துலக்கி, பாதரச நைட்ரேட்டுக் கரைசலால் நனைத்து, அதன்மேல் இரசக்கலவையைத் தூரிகையால் தடவுவார்கள். பிறகு கரி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகிப் போய்விடும். 1,064 டிகிரியில்தான் உருகக்கூடிய தங்கம், உலோகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு நிற்கும். வேண்டிய கனம் வரும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

இவ்வாறு படிந்த தங்கத்தை அகேட் போன்ற கடினமான கல்லால் தேய்த்து மெருகேற்றினால் அது கண்ணாடிபோல் மின்னும். குத்தியேருக்குப் பெயர் வாங்கித் தந்தது இதற்கு நேர்மாறான ஒரு முறை. மெருகேற்றாமல் விடவேண்டிய இடங்களில் வெடியுப்பு, சோற்றுப்பு, படிகாரம் ஆகியவற்றின் கலவையைப் பூசிச் சூடாக்கி, உடனே நீரில் முக்குவார்கள். உப்புகள் உருகும்போது எழும் குளோரின், தங்கத்தின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அரிக்கிறது. அதனால் அவ்விடத்தில் படும் ஒளி ஒரே திசையில் திரும்பாமல் எங்கும் சிதறுகிறது. பட்டுத்துணி போன்ற மங்கிய, மென்மையான பொன்னிறம் தோன்றுகிறது. இந்த மங்கல் முலாத்தைக் கண்டுபிடித்தவரே குத்தியேர்தாம் என்பது நெடுநாளைய மரபு. கண்டுபிடித்தவர் எவராயினும், அதனை அவர்போல் ஆண்டவர் இலர் என்பதில் ஐயமில்லை. ஒரே இலையில் நரம்பு மின்ன, பரப்பு மங்கியிருக்கும். மெழுகுவத்திச் சுடர் அசையும்போது, மின்னும் கோடு மட்டும் பளிச்சிட்டு மறைய, இலையே காற்றில் அசைவதுபோல் தோன்றும். இவ்வேலையை மின்விளக்கின் நிலையான ஒளியில் பார்ப்பதும், சுடரின் ஒளியில் பார்ப்பதும் ஒன்றாகா.

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. ஆவியாகிப் போன பாதரசம் பட்டறைக் கூரையோடு நின்றுவிடவில்லை. அங்கே வேலை செய்தவர்களின் நெஞ்சுக்குள் சென்றது. முலாம் பூசுவோரின் கைகால்கள் நடுங்கின. பற்கள் ஆடி விழுந்தன. பலர் இளமையிலேயே மடிந்தனர். பாரிசில் வெண்கலத் தொழில் நடத்திவந்த ரவ்ரியோ என்பவர் 1814-இல் இறந்தபோது, இத்துன்பத்திலிருந்து தொழிலாளரைக் காக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்கு பரிசு அளிக்குமாறு உயில் எழுதிவைத்தார். தார்சே என்னும் வேதியியலார், நச்சாவியைப் புகைபோக்கி வழியாக இழுத்துச் செல்லும் உலை ஒன்றை அமைத்து அப்பரிசைப் பெற்றார். வெண்கலத்துக்கு முலாம் பூசும் கலையைப் பற்றிய அவருடைய நூல் 1818-இல் வெளிவந்தது. அந்த உலை குத்தியேரின் காலத்துக்கு வரவில்லை. அவர் பட்டறையில் அடுப்பருகே நின்றவர்களை வரலாறு குறித்து வைக்கவும் இல்லை.

புகழின் உச்சி

1770-ஆம் ஆண்டு குத்தியேருக்குப் பொற்காலத்தின் தொடக்கம். அவ்வாண்டு மே மாதத்தில் ஆஸ்திரிய இளவரசி மரீ அந்துவானெத், பிரான்சின் பட்டத்து இளவரசரை மணந்தார். மணமகளின் நகைகளை வைக்கச் செய்த பெரிய அலமாரிக்குக் கட்டடக் கலைஞர் பெலாஞ்சே படம் வரைந்தார்; வெண்கல வேலைகளைக் குத்தியேர் செய்தார். அந்த அலமாரி இன்று இல்லை. பின்னாளில் அழிந்து போயிற்று.

அதே காலத்தில் முதிய அரசர் பதினைந்தாம் லூயியின் காதலியான மதாம் து பாரி, பாரிசுக்கு மேற்கே லூவ்சியென் என்னும் ஊரில் தமக்கொரு மாடம் கட்டிக்கொண்டிருந்தார். லெது என்னும் கலைஞர் அதனை அமைத்தார். 1771-இல் திறக்கப்பட்ட அந்த மாடத்தில் கணப்படுப்பின் அணிகள், சுவர் விளக்குகள், கதவுப் பிடிகள் எனக் குத்தியேரின் கைவேலை நிறைந்திருந்தது. சன்னல் கதவின் சிறு குமிழில்கூட அம்மையாரின் பெயரெழுத்துகளைப் பின்னி, சுற்றிலும் இலைகளைச் செதுக்கினார். உள்ளங்கையில் அடங்கும் அக்குமிழ்களை இன்று தனிச் சிற்பங்களாகப் போற்றுகின்றனர்.

1771-இல் அவர் முடித்த மற்றொரு வேலை அவிஞ்ஞோன் கடிகாரம். போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்த அவிஞ்ஞோன் நகரை 1768-இல் பிரெஞ்சுப் படை கைக்கொண்டது. அப்படைக்குத் தலைமை தாங்கிய ரொஷ்சுவார் பிரபுவுக்கு நகரத்தார் அளித்த பரிசு அது. நகரத்தை ஒரு பெண்ணாகவும், ரோன், துராஞ்சு ஆகிய ஆறுகளைத் தெய்வ உருவங்களாகவும் புவாசோ என்னும் சிற்பி வடித்தார். கடிகாரத்தின்மேல் புவாசோவின் பெயரும், அதனைச் செய்து முடித்த குத்தியேரின் பெயரும், பெல்த்தியே துறைப் பட்டறையின் முகவரியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இலண்டனிலுள்ள வாலஸ் அரும்பொருளகத்தில் இன்றும் அதனைக் காணலாம். குத்தியேர் தம் பெயரைப் பொறித்த பொருள்கள் மிகச் சிலவே ஆதலால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

1774-இல் பதினைந்தாம் லூயி இறந்தார். மதாம் து பாரி அரண்மனையிலிருந்து விலக்கப்பட்டார். ஆயினும் குத்தியேருக்கு வேலை குறையவில்லை. புதிய அரசியான மரீ அந்துவானெத்துக்காக 1777-இல் போந்தேன்புளோ அரண்மனையில் துருக்கிய பாணியில் அமைந்த சிறு அறைக்கு வெண்கல வேலை செய்தார். அரசரின் தம்பி ஆர்த்துவாப் பிரபு, ஓமோன் கோமகன், கோமகனின் மருமகள் மசாரின் கோமகள் எனப் பெரிய இடத்து வாடிக்கையாளர் பெருகினர். பாரிசின் வடபுறத்தில் சென்-மர்த்தேன் புறநகரில் குத்தியேர் தமக்கென்றே அழகிய மாளிகை ஒன்றைக் கட்டினார். அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. அதில் இசைப்பள்ளி ஒன்று நடைபெறுகிறது.

கணக்கில் நின்ற பணம்

இந்த ஒளிக்குப் பின்னே கடன் வளர்ந்துகொண்டிருந்தது. தங்கத்தைத் தொழிலாளி தன் பணத்தில் வாங்கவேண்டும். வார்ப்பவருக்கும் மாதிரி செய்பவருக்கும் உடனே கூலி கொடுக்கவேண்டும். பெரிய மனிதரோ பொருளைப் பெற்றுக்கொண்டு, பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் காத்திருக்க வைப்பர். கேட்டால் அடுத்த வேலை கிடைக்காது. கேளாமல் இருந்தால் கடன்காரர் வாயிலில் நிற்பர்.

மசாரின் கோமகளுக்காக நீலச் சலவைக்கல் மேசை ஒன்றைக் குத்தியேர் செய்துவந்தார். அது முடியுமுன், 1781-இல், கோமகள் காலமானார். அம்மேசை இன்று நியூயார்க்கிலுள்ள ஃப்ரிக் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நடுவிலுள்ள பெண் முகமும், சுற்றிப் படர்ந்த இலைகளும் குத்தியேரின் வேலைத்திறத்துக்குச் சிறந்த சான்றாகும். மறு ஆண்டே அவரை ஆதரித்த ஓமோன் கோமகனும் மறைந்தார்.

1782 டிசம்பரில் கோமகனின் சேகரிப்புகள் ஏலம் விடப்பட்டன. அந்த ஏலப் பட்டியலில் ஒரு புதுமை இருந்தது. குத்தியேரின் வேலை அமைந்த பொருள்களுக்கு அருகே அவர் பெயரின் முதலெழுத்தை அச்சிட்டிருந்தார்கள். அவ்வாறு குறியிட்டவை ஐம்பது அளவில் இருந்தன. பதினாறாம் லூயியும் மரீ அந்துவானெத்தும் ஆள் அனுப்பிப் பலவற்றை வாங்கினர். சிவப்பு ஜாஸ்பர் கல்லில் குடைந்து, ஆட்டுமுகத் தேவதைகளின் தலைகளும் திராட்சைக் கொடியும் சுருண்டு கிடக்கும் பாம்பும் அமைத்த தூபக்கிண்ணம் ஒன்றுக்கு அரசி 12,000 லிவ்ரு கொடுத்தார். லிவ்ரு என்பது அக்காலப் பிரெஞ்சுப் பணம். ஆனால் அந்தத் தொகை கோமகனின் வாரிசுகளுக்குச் சென்றதே தவிரக் குத்தியேருக்கு வந்ததன்று. அவருடைய பெயருக்கு மதிப்பு ஏறிய அதே ஆண்டுகளில் அவருடைய கையிருப்பு வற்றிக்கொண்டே போயிற்று. 1780-களின் இறுதியில் அவர் நொடித்துப் போனார். மாளிகையும் கைவிட்டுப் போயிற்று.

1789-இல் புரட்சி வெடித்தது. அரசரும் அரசியும் கொலைமேடை ஏறினர். 1793 டிசம்பர் 8-ஆம் நாள் மதாம் து பாரியின் தலையும் கில்லட்டின் பொறியில் வீழ்ந்தது. அவருடைய சொத்துக்களைக் குடியரசு எடுத்துக்கொண்டது. அம்மையார் தமக்கு 7,56,000 லிவ்ரு தரவேண்டும் என்று குத்தியேர் கணக்குக் காட்டினார். திரும்பத் திரும்ப அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதினார். பயன் விளையவில்லை. இறுதியில் ஏழைகள் விடுதியில் இடம் கேட்கும் நிலை வந்தது. 1813-இல், எண்பத்தொரு வயதில், பாரிசில் அவர் உயிர் நீத்தார். அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் து பாரியின் வாரிசுகள்மேல் வழக்குத் தொடுத்தபோதுதான் தந்தை பட்ட துன்பம் ஏட்டில் ஏறிற்று.

இவரோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியவர் பியேர்-பிலிப் தொமீர். குத்தியேரைவிடப் பத்தொன்பது ஆண்டு இளையவரான இவர், செவ்ர் பீங்கான் தொழிற்சாலைக்கு வெண்கல வேலை செய்து கொடுத்தவர். புரட்சியையும் கடந்து, நெப்போலியன் காலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் கொண்ட பெரிய நிறுவனத்தை நடத்தினார். 1811-இல் நெப்போலியனின் மகனுக்குச் செய்த தொட்டிலில் இவர் பெயரும் உண்டு. பழைய பிரபுக்கள் சிலரையே நம்பியிருந்த பட்டறை அவர்களோடு வீழ்ந்தது. காலத்துக்கேற்பப் புதிய வாடிக்கையாளரைத் தேடிக்கொண்ட நிறுவனம் நிலைத்தது.

பெயருக்கு வந்த மறுவாழ்வு

அரசி 12,000 லிவ்ருக்கு வாங்கிய தூபக்கிண்ணத்தின் கதையைக் கேளுங்கள். 1831-இல் நடந்த ஏலத்தில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்கே போயிற்று. 1865-இல் ஹெர்ட்போர்டு பிரபு அதனை 31,900 பிராங்குக்கு வாங்கினார். கல் அதே கல். தங்கம் அதே தங்கம். மாறியது மனிதரின் சுவை. 1870-இல் தவிலியே என்னும் அறிஞர் ஓமோன் கோமகனின் ஏலப் பட்டியலை மீண்டும் பதிப்பித்தார். அதன்பின் குத்தியேரின் பெயர் செல்வர் நாவில் மந்திரமாயிற்று.

மந்திரம் ஆனபின் உண்மை மறைந்தது. நல்ல வெண்கல வேலை எங்கே கண்டாலும் அது குத்தியேருடையது என்றார்கள். சுவர் விளக்கு விற்பவர் அவர் பெயரைச் சொன்னால் விலை பன்மடங்கு ஏறிற்று. தொமீரும் பிறரும் செய்தவை எல்லாம் அவர் கணக்கில் ஏறின. அவர் பெயரை இவ்வளவு புகழ்ந்தவர்கள் அவர் வாழ்வைக்கூடச் சரியாக அறியவில்லை என்பதே வியப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த பெரிய கலைக்களஞ்சியம் ஒன்று, அவர் 1740-இல் துருவா நகரில் பிறந்து 1806-இல் இறந்ததாக எழுதிற்று. ஊரும் தவறு, இரண்டு ஆண்டுகளும் தவறு.

எது அவருடையது?

அப்படியானால், ஒரு விளக்கைச் செய்தவர் இன்னார் என்பதை எவ்வாறு அறிவது? இங்கே விஞ்ஞானமும் வரலாறும் கைகோத்து நடக்கவேண்டியிருக்கிறது.

முதற்சான்று காகிதம். தொழிலாளி கொடுத்த பட்டியல், மாளிகையின் பொருட்குறிப்பு, ஏலப் பட்டியல் ஆகியவற்றில் உள்ள வருணனையும் அளவும் கையிலுள்ள பொருளோடு ஒத்துப்போகவேண்டும். கட்டடக் கலைஞர் வரைந்த படம் கிடைத்தாலும், அது வடிவத்தை வகுத்தவரைக் காட்டுமே அன்றிச் செய்தவரைக் காட்டாது. ஒரே படத்தைப் பார்த்துப் பல பட்டறைகள் வேலை செய்திருக்கலாம்.

இரண்டாவது முத்திரை. 1745 முதல் 1749 வரை செம்பு கலந்த பொருள்களுக்குப் பிரான்சில் வரி விதித்தார்கள். வரி செலுத்திய பொருளில் முடி சூடிய சி என்னும் எழுத்தைக் குத்தினார்கள். அந்த எழுத்து உள்ள விளக்கு 1749-க்குப் பிந்தியது அன்று என்று கொள்ளலாம். ஆனால், பழைய விளக்கு அந்த ஆண்டுகளில் கைமாறியபோதும் முத்திரை குத்தியிருக்கிறார்கள். எனவே அது பிறந்த ஆண்டைச் சொல்லாது. குத்தியேர் ஆசான் ஆனது 1758-இல் ஆதலால், அம்முத்திரை தாங்கிய விளக்கு அவருடையது ஆகாது.

மூன்றாவது பொருளின் உடல். பழைய விளக்கையே மாதிரியாக வைத்துப் பின்னாளில் வார்த்தால், உலோகம் குளிரும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு சுருங்கும். ஆகவே நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். நுண்ணிய கோடுகளும் மழுங்கியிருக்கும். இணையாகவும் நான்காகவும் செய்த விளக்குகள் குடும்பப் பாகப்பிரிவினையில் பிரிந்துபோய், குறைந்ததை நிரப்பப் புதியவற்றை வார்த்துச் சேர்த்ததும் உண்டு. அதனால் ஒரு சோடியில் ஒன்று உண்மையாகவும் மற்றது நகலாகவும் இருக்கக்கூடும்.

நான்காவது வேதியியல். எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், பொருளைச் சுரண்டாமலே அதிலுள்ள தனிமங்களை அறியலாம். தங்கத்தோடு பாதரசத்தின் சுவடு இருந்தால் அது பழைய முறை முலாம். பாதரசமே இல்லையெனில், மின்னாற்றலால் பூசியதாக இருக்கலாம். மின்முலாம் 1840-இல் எல்கிங்டன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற பிறகே பரவிற்று. ஆயினும் இங்கேயும் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பாதரச முறை 1840-க்குப் பின்னும் நெடுநாள் வழக்கில் இருந்தது. பழைய விளக்குக்குப் பின்னாளில் புதிய முலாம் பூசியதும் உண்டு. எனவே, பாதரசம் இருப்பதால் மட்டும் பழமை உறுதியாகாது. இல்லாததால் மட்டும் போலி என்று முடிவு கட்டவும் முடியாது. எந்தக் கருவியும் தொழிலாளியின் பெயரைத் திரையில் காட்டாது. ஒரு சான்றை மற்றொரு சான்றோடு பொருத்திப் பார்த்து, இவ்வளவுதான் சொல்ல முடியும் என்று நிறுத்திக்கொள்ளும் மனவடக்கமே இங்கே ஆராய்ச்சியாளனுக்கு வேண்டுவது.

இவ்வாறு சலித்து எடுத்தபின் குத்தியேரின் பெயரில் நிற்பவை முன்பு நம்பியதைவிட மிகக் குறைவு. 2016-இல் நியூயார்க்கின் ஃப்ரிக் காட்சியகமும், அடுத்த ஆண்டு பாரிசின் அலங்காரக் கலை அரும்பொருளகமும் அவருக்கென்றே காட்சி நடத்தியபோது, உறுதியான சான்று உள்ளவற்றையே முதன்மையாக வைத்தன. அவற்றின் எண்ணிக்கை குறைந்ததால் அவர் புகழ் குறையவில்லை. பிறர் செய்தவற்றைக் கழித்த பிறகே, அவர் கை எப்படிப்பட்டது என்பது தெளிவாயிற்று.

நாம் கொள்ளவேண்டியது

குத்தியேருக்கு உலகம் இரண்டு அநீதி செய்தது. உயிரோடு இருந்தபோது அவர் உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுக்கவில்லை. இறந்தபின் அவர் செய்யாதவற்றுக்கும் சேர்த்து அவர் பெயரை விற்றது. முதல் அநீதியை இனி யாராலும் திருத்த முடியாது. இரண்டாவதைத் திருத்தும் வேலை ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது. அதைத் திருத்தும்போது குத்தியேரின் நிழலில் மறைந்த பிறருக்கும் நீதி கிடைக்கிறது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு என்று நான் எண்ணுகிறேன். நம் ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் குழாயை ஊதி நாம் கேட்ட வடிவில் தருகிற தொழிலாளி இருக்கிறார். பழுதான கருவியை இரவு தங்கிச் சீர்செய்கிற உதவியாளர் இருக்கிறார். ஆய்வுக் கட்டுரை அச்சாகும்போது நம் பெயர் தலைப்பின்கீழ் நிற்கும். அவர்களுடைய பெயர் பெரும்பாலும் எங்கும் இராது. செய்தவர் யார் என்று தேடும் முயற்சியை இருநூறு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் மேற்கொள்ளும்படி விடாமல், செய்த அன்றே அவர் பெயரையும் எழுதி, அவருக்கு உரியதையும் கொடுத்துவிட்டால், அதுவே குத்தியேருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.